ஒன்பதாம் கல்லடிக் கரி

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்து அளந்தவளை எல்லோரும் 'சங்கிலி' என்றுதான் கூப்பிட்டார்கள். அளவில் அரை அடி பிசகினால் மேலதிகாரியைக்கூட விட்டுவைக்க மாட்டாள். அந்த வாயால்தான் பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போனது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு மலைச்சரிவு. அதில் சில வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஊற்று. அறுபது வருஷமாக இரு மக்களும் 'எங்களுடையது' என்று அடித்துக்கொண்டார்கள். இரண்டு தடவை துப்பாக்கியும் வெடித்தது. கடைசியில் இரு அரசுகளும் சலித்துப்போய் வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. பழைய ஒப்பந்தப்படி எல்லைக்குப் பதின்மூன்று கற்கள். எல்லாக் கல்லையுமே இந்தப் பக்கத்தார் நகர்த்திவிட்டார்கள், சரிவு முழுக்க எங்களுக்கே என்றது அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக்குச் சாட்சி சங்கிலி.

அந்தக் காலத்து அளவைக்காரர்கள் கல் நடும் முன் குழிக்குள் ஒரு கூடை கரியைக் கொட்டுவார்கள். கல்லை யாரும் பெயர்த்துவிடலாம். கரி மக்காமல் அங்கேயே கிடக்கும். சங்கிலி ஒவ்வொரு கல்லடியாகத் தோண்டினாள். பன்னிரண்டு கல்லடியில் கரி இருந்தது. ஒன்பதாம் கல்லடியில் வெறும் செம்மண். பழைய அளவைப் புத்தகத்தை விரித்து மறுபடி அளந்தாள். கரி அகப்பட்டது, இருநூறு அடி இந்தப் பக்கம் தள்ளி, அவள் தம்பி வீட்டு வாசலில். நம்மாட்கள்தான் எப்போதோ கல்லை நகர்த்தியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் தம்பி வீடு அடுத்த நாடு.

"ஒன்பதை மட்டும் ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க மேடம்," என்றார் அரசு வக்கீல்.

"பன்னெண்டு ஞாபகம் இருக்கு, ஒண்ணு மட்டும் மறந்துபோச்சா? நீதிபதிங்க காதுல பூ சுத்தவா வந்திருக்கோம்?"

தம்பி கெஞ்சவில்லை. "நான் கட்டின வீடுக்கா," என்றான்.

"தெரியும்டா. அளந்து கொடுத்ததே நான்தானே."

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுதாள். ஆனால் நீதிமன்றத்தில் குரல் பிசிறவில்லை. ஒன்பதாம் கல்லைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் உடைத்துச் சொன்னாள். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. தன் தரப்புக்குப் பாதகமானதையே மறைக்காத சாட்சி, மற்ற பன்னிரண்டைப் பற்றிச் சொல்வதை நம்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள் நீதிபதிகள். பள்ளிக்கூடமும் ஊற்றும் இந்தப் பக்கமே நின்றன. தம்பி வீடு அந்தப் பக்கம் போனது. குடியிருப்பவர்கள் அங்கேயே இருக்கலாம், தடையில்லாமல் போய்வரலாம். இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. தம்பி மட்டும் நாலு மாசம் அவளோடு பேசவில்லை.

ஒன்பதாம் கல்லைத் திரும்ப நடும் நாளில் அளவுச் சங்கிலியின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அந்த நாட்டு அளவைக்காரர் கையில். குழி தயாரானதும் வீட்டுக்குள்ளிருந்து தம்பி வாளியோடு வந்தான். வாளி நிறைய அடுப்புக் கரி.

"ஆழமாக் கொட்டுக்கா," என்றான். "இன்னொரு தடவ என் வீடு நாடு மாறக் கூடாது."