தெரேசா வீட்டுப் பாத்திர மெசின்

குவைத்தில் தெரேசா வேலைக்குப் போன வீட்டில் பாத்திரம் கழுவுகிற மெசின் ஒன்று இருந்தது. அவள் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதமே அது நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு எஜமானி சிரித்தாள். "எதற்கு? அதுதான் நீ இருக்கிறாயே." அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த மெசினுக்குள் பொலித்தீன் பைகள்தான் கிடந்தன. பதினொரு பேர் சாப்பிட்ட தட்டுகளைத் தெரேசா கையால் கழுவினாள். ஊர் திரும்பியபோது அவளுடைய விரலிடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. பனிக்காலம் வந்தால் இப்போதும் அந்த இடம் எரியும்.

அவள் பிறந்தது அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். இப்போது ஹட்டன் டவுனை ஒட்டிய சரிவில் சொந்த வீடு. கணவர் அலோசியஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் த்ரீவீல் ஓட்டுகிறார். மகன் றொக்சன் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். மருமகள் டிலுக்ஷி நோர்வூட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணம் முடிந்து வந்த மறுவாரமே, பள்ளிக்கூடச் சேலையைக்கூட மாற்றாமல் குசினியில் பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் போய் நின்றாள் டிலுக்ஷி. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் சிவந்துபோன கைகளைப் பார்த்த நாளிலிருந்து தெரேசாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மெசின் ஒன்னு எடுப்போமுங்க," என்றாள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்.

"நாலு பேரு சாப்பிடுற தட்டுக்கு மெசினா?" என்றார் அலோசியஸ். "கேட்டா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவங்க வந்து கழுவட்டும்."

அவர் கை கழுவ எழுந்துவிட்டார். ஆனால் தெரேசாவின் யோசனை அதோடு நிற்கவில்லை. மெசின் வாங்குவது பெரிய காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை. வாங்கியது நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் ராத்திரியும் பகலும் அவளை அரித்தது.

ஒரு சனிக்கிழமை டிலுக்ஷியையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறினாள். கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் வீட்டில் தினம் புழங்குகிற சில்வர் தட்டு நாலு, கறிச்சட்டி ஒன்று, சோறு வடிக்கிற பானை ஒன்று. முதல் கடையில் பையை அவிழ்த்ததுமே டிலுக்ஷி வெட்கப்பட்டு வாசல் பக்கம் நகர்ந்துவிட்டாள். தெரேசா மெசினைத் திறந்து தட்டுகளை அடுக்கிப் பார்த்தாள். பானை உள்ளே போகவில்லை. அடுத்த கடையில் பானை போனது. ஆனால் மேலே சுற்றித் தண்ணீர் தெளிக்கிற கை அதில் இடித்தது.

மூன்றாவது கடையில் விஜிதரன் என்ற விற்பனையாளர் நின்றார். கண்ணாடி மாதிரி மினுங்குகிற ஒரு மெசினைக் காட்டி, அது பன்னிரண்டு விதமாகக் கழுவுவதைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னார். போனிலிருந்தே அதை ஓட வைக்கலாமாம்.

"அதெல்லாம் சரி தம்பி. இது பழுதானா யாரு வந்து பாப்பாங்க?"

"கம்பெனியில இருந்து ஆள் வருவாங்கக்கா."

"எங்க இருந்து?"

விஜிதரன் மெசினின் கதவைச் சாத்தினார். "இதுக்குக் கொழும்புல இருந்து."

தெரேசா மூலையில் இருந்த இன்னொன்றைக் காட்டினாள். அதில் விளக்கும் மினுக்கமும் இல்லை, நாலே நாலு பொத்தான்தான். அதற்குக் கண்டியில் சேவிஸ் இருக்கிறது என்றார் அவர். உதிரிச் சாமானும் அங்கேயே கிடைக்கும். தெரேசா தரையில் மண்டி போட்டு, அடியிலிருந்த வடிகட்டியைத் திருகிக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள். தெளிக்கிற கைகளை விரலால் சுற்றிவிட்டாள். பானை உள்ளே போனது, எதுவும் இடிக்கவில்லை.

"நீங்க மெக்கானிக்காக்கா?" என்று கேட்டார் விஜிதரன்.

"இல்ல தம்பி. ஓடாத மெசினுக்குப் பதிலா ஓடினவ," என்றாள் தெரேசா.

வாசலில் நின்ற டிலுக்ஷி திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதுதான் தெரேசா குவைத்துக் கதையை அவளிடம் சொன்னாள்.  இறங்குகிற இடம் வந்ததும் சாக்குப் பையை மருமகளே தூக்கிக்கொண்டாள்.

அந்த நாலு பொத்தான் மெசின் வீட்டுக்கு வந்த முதல் வாரம் தெரேசா அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் ஏறுகிற சத்தம், சுழல்கிற சத்தம், வடிகிற சத்தம் எல்லாவற்றுக்கும் காது கொடுத்தாள். கொஞ்சம் சத்தம் மாறினாலும் எழுந்துவிடுவாள். "வேலையக் கொறைக்கத்தானே வாங்கின? இப்ப அதுக்குக் காவல் இருக்க," என்றார் அலோசியஸ். கரண்ட் விட்டு விட்டு வருகிற நாளில் அவளுக்குச் சோறே இறங்காது. மூன்று மாதம் மெசின் ஒரு குறையும் வைக்கவில்லை. மஞ்சள் கறை பிடித்த பிளாஸ்டிக் டப்பாக்களை மட்டும் அதனால் வெளுக்க முடியவில்லை.

ஜூனில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் அடித்த மழையில் ஐந்தாம் நாள் காலை மெசினைப் போட்டால், குழாய்ப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் ஏறவில்லை. கண்டிக்குப் போன் பண்ணினார்கள். ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, மழை விட்டதும் ஆள் வரும் என்றார்கள்.

முதல் நாள் தெரேசா கழுவினாள், கை எரிந்தது. இரண்டாம் நாள் டிலுக்ஷி அவளைத் தள்ளிவிட்டுத் தொட்டியடியில் நின்றாள். அதற்குப் பிறகு அந்த இடம் டிலுக்ஷியுடையது என்று வீடு தானாகவே எடுத்துக்கொண்டது. றொக்சன் சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனான்.  ஒன்பதாம் நாள் தெரேசா தற்செயலாக மெசினைத் திறந்தாள். உள்ளே, மேல் தட்டில், கடையில் தந்த பொலித்தீன் பைகள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"யாரு வச்சது இது?"

"நான்தான்," என்றார் அலோசியஸ். "சும்மாதானே கெடக்கு."

"எடுங்க வெளியில! இப்பவே எடுங்க!"

அவள் கத்தியதில் றொக்சன் ஓடி வந்தான். தெரேசா தானே பைகளை அள்ளித் தரையில் எறிந்தாள்.  அலோசியஸ் ஒன்றும் புரியாமல் நின்றார். டிலுக்ஷிக்குப் புரிந்தது. ஈரக் கையோடு வந்து மாமியாரின் தோளைப் பிடித்தாள்.

"நாளைக்கு ரோட்டத் தொறந்திருவாங்களாம் மாமி. அவங்க வரலைன்னா நம்ம போவோம்."

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் போறேன்," என்றாள் தெரேசா.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள். கினிகத்தேனைக்குக் கிட்ட சரிந்த மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஒரு மணி நேரம் நின்றது. எல்லாரும் தூங்க, அவள் மட்டும் இறங்கி ரோட்டில் நடந்துகொண்டே இருந்தாள்.

கண்டியில் சேவிஸ் செய்கிற இடத்தில் தலை வழுக்கை விழுந்த ஒரு மெக்கானிக் இருந்தார். தெரேசா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு விளக்கு, குழாய்ப் படம், மழை. அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அக்கே, வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

"மலையிலிருந்து. ஊற்றுத் தண்ணீர்."

அவர் எழுந்து ஒரு பழைய மெசினின் பின்பக்கத்தைத் திருப்பினார். தண்ணீர்க் குழாயைக் கழற்றி, அது மாட்டுகிற வாயில் விரல் நுனி அளவு சல்லடை ஒன்றைக் காட்டினார். மழைத் தண்ணீரில் வருகிற மண் இதில்தான் அடைக்கும் என்றார். பிறகு குறடு ஒன்றைத் தெரேசாவிடம் கொடுத்து, அவளையே கழற்றி மாட்டச் சொன்னார். மூன்று தரம் செய்தாள். மூன்றாம் தரம் அவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தவள் குடையைக்கூட மடிக்கவில்லை. மெயின் குழாயைப் பூட்டி, மெசினை முன்னால் இழுக்கும்படி அலோசியஸிடம் சொன்னாள். சல்லடையை வெளியே எடுத்தபோது அது இருந்த இடமே தெரியாமல் செம்மண் அப்பியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டினாள். பொத்தானை அழுத்தியதும் நாலு பேரும் மெசின் பக்கம் காதைக் கொடுத்தார்கள். தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. டிலுக்ஷி கை தட்டினாள். தெரேசா தட்டவில்லை. முழுவதும் ஓடி முடியட்டும் என்று அங்கேயே நின்றாள்.

அடுத்த வாரம் அலோசியஸ் தானாகவே ஒரு வடிகட்டி வாங்கி வந்து மெயின் குழாயில் பொருத்தினார். ஆளாளுக்குச் சனிக்கிழமை முறை வைத்துச் சல்லடையைக் கழுவ வேண்டும் என்று தெரேசா சொன்னாள். றொக்சன் முதல் முறையைத் தட்டிக் கழிக்கப் பார்த்தான், முடியவில்லை.

மெசின் இப்போது இரண்டாவது மழைக்காலத்தையும் தாண்டிவிட்டது. ஒரு தெளிப்புக் கை உடைந்து, கண்டியிலிருந்து வரவழைத்து மாற்றினார்கள். போன மாதம் டிக்கோயாவில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு அறை விடுகிற ஒருவர், தெரேசா மெசினைச் சரிபண்ணிய கதையைக் கேள்விப்பட்டுப் போன் பண்ணினார். அவருடைய மெசினும் நின்றுவிட்டதாம், அக்கா வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். தெரேசா குறடும் பிரஷும் எடுத்துக்கொண்டு த்ரீவீலில் ஏறினாள். "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்," என்று வழியெல்லாம் அலோசியஸை அவசரப்படுத்தினாள். போய்ப் பார்த்தால் அங்கே சல்லடை சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் மண்டி போட்டுப் பார்த்தும் பழுது அவளுக்குப் பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியலைங்க," என்று சொல்லிவிட்டுக் கண்டி மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தாள். "ஆனா இன்னைக்கே பேசுங்க. மழை விடட்டும்னு மட்டும் இருந்திராதீங்க."