குடுவையின் அடியைப் பார்த்தவர்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் படித்தவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். எங்களைக் காப்பாற்றியவர் குடுவை கழுவுகிறவர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

அவர் பெயர் வாசுகி, வயது நாற்பத்தாறு, பெக்கான் நானாஸ் ஊர்க்காரர். அன்னாசித் தோட்டங்களிலிருந்து வரும் கறுப்பு மண்ணைக் குடுவையில் போட்டு, மருந்துநீர் ஊற்றி, குலுக்கி, வடிகட்டி, மண்ணில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். அழுக்குக் குடுவைகள் பதினொரு வருடமாக வாசுகி அக்காவின் கழுவும் தொட்டிக்குப் போகின்றன.

இயந்திரங்களுக்கு அக்காவே பெயர் வைத்திருக்கிறார். சோதனைக் குழாயை வைத்து அழுத்தியதும் விர்ரென்று சீறும் வோர்டெக்ஸ் 'சிடுமூஞ்சி'. கை படாமலே திரவத்துக்குள் காந்தத் துண்டைச் சுழற்றும் ஸ்டிரர் 'பேய்'. அந்தத் துண்டை நாங்கள் எடுக்க மறந்து தொட்டிக்கு அனுப்பிவிடுவோம். அக்கா பொறுக்கி மைலோ டின்னில் சேர்த்து வைப்பார். எட்டுக் குடுவைகளைப் பிடித்துக்கொண்டு வட்டமடிக்கும் ஷேக்கர் 'கும்மி'. தட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டும் ராக்கர் 'தொட்டில்'. வேர்த் துண்டுகளைச் சாயத்தில் நனைப்பது போன்ற மென்மையான வேலைக்குத்தான் தொட்டில். எனக்கோ ஆட்டுவதெல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு.

போன மார்ச்சில் எங்களுக்குப் பரீட்சை வந்தது. வெளியிலிருந்து ஒரு ஜாடி மண் அனுப்புவார்கள். அதிலுள்ள சாம்பல் சத்தை நாங்கள் சரியாகச் சொல்ல வேண்டும். முந்தைய தடவை தோற்றிருந்தோம். மறுபடி தோற்றால் கூடத்தை மூடிவிடுவார்கள். எங்களைப் பாசிர் கூடாங் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே குடுவை கழுவ மெஷின் இருக்கிறது. அக்காவுக்கு வேலை போய்விடும்.

எங்கள் தலைவர் கமலநாதன் சார் அந்த மண்ணைப் பன்னிரண்டு குடுவைகளில் போடச் சொன்னார். முதல் எட்டின் அளவும் ஒன்றாக வந்தது. கடைசி நான்கும் பாதிதான். அந்த நான்குக்கும் ஊற்றிய இரண்டாவது புட்டி மருந்துநீர் கெட்டுவிட்டது என்று சார் கொட்டச் சொன்னார்; நானும் தலையாட்டினேன். புதிதாகக் கலந்து மறுநாள் காலை மறுபடி செய்தோம். அதே நான்கு, அதே பாதி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆடத் தெரியாதவன் நான்தான், ரூபேந்திரன்.

அன்று மாலை நான்கு மணிக்குள் விடை அனுப்ப வேண்டும். ஜாடியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் மண் இருந்தது. மணி பதினொன்றரை. அக்கா என்னைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு ஒரு குடுவையைக் கவிழ்த்துக் காட்டினார். மண் விழவில்லை. அடியில் அடையாகப் பிடித்திருந்தது.

"ஒம்போதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் நாலும் இப்படித்தான் தம்பி. நேத்தும் இப்படித்தான். மத்த எட்டும் தண்ணி ஊத்துனதும் சுத்தமாயிருச்சு. இந்த நாலையும் எங்க வச்சு ஆட்டுனீங்க?"

கும்மியில் எட்டுக்குத்தான் இடம். இன்னொரு அரை மணி நேரம் காத்திருக்கச் சோம்பல்பட்டு, மிச்ச நான்கை நான் எப்போதும் தொட்டிலில் வைத்துவிடுவேன். அது தாலாட்டியதில் மண் அடியிலேயே தூங்கியிருக்கிறது; சத்து எப்படி வெளியே வரும்? போன தடவை தோற்றதற்கும் நான்தான் காரணம்.

அக்கா நேராக சாரிடம் போயிருக்கலாம். போனால் என் சீட்டு கிழிந்திருக்கும். "நீங்களே போய்ச் சொல்லிருங்க தம்பி. நான் சொன்னா வேற மாதிரி ஆயிரும்," என்று மட்டும் சொன்னார்.

சொன்னேன். சார் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டுவதற்கு நேரமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. முதலில் எட்டு, பிறகு நான்கு என்று எல்லாவற்றையும் கும்மியிலேயே ஏற்றினோம். அந்த இரண்டு அரை மணி நேரமும் நான் ஷேக்கரை விட்டு நகரவில்லை. சாப்பாட்டை மறந்தோம். வடிகட்டியில் ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. கணினியில் அளவுகள் தெரியத் தொடங்கியதும் அக்கா ஈரக் கையோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

முதல் எட்டும் முன்போலவே நாற்பத்தெட்டை ஒட்டி வந்தன. ஒன்பது: நாற்பத்தெட்டு. பத்து: நாற்பத்தேழு. பதினொன்று: நாற்பத்தெட்டு. பன்னிரண்டாவதும் நாற்பத்தெட்டு என்றதும் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூன்று ஐம்பதுக்கு விடையை அனுப்பினோம்.

தேறிவிட்டோம் என்ற கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. அதே வாரம் சார் அக்காவை உதவிப் பரிசோதகராக்கினார். முதல் நாளே அக்கா தொட்டிக்கு மேல் ஒரு தாள் ஒட்டினார்: 'குலுக்கியவரே கழுவ வேண்டும்.'

அன்றிலிருந்து என் குடுவைகளை நான்தான் கழுவுகிறேன். கழுவி முடித்ததும் அக்கா ஒவ்வொன்றாக வாங்கி, வெளிச்சத்தில் தூக்கி, அடியைப் பார்த்துவிட்டுத்தான் அடுக்கில் வைக்கிறார்.