பக்கத்து வீட்டில் முடியும் உத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றவர்கள்: அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு சேகர் அண்ணன், அவர் கூட்டிவந்த மேஸ்திரி, நான். வராதவர் ஒருவர்தான் – இன்ஜினியர். அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

"எதுக்குப்பா இன்ஜினியரு? இடிக்கிறதுக்குக் கூடவா படிக்கணும்?" என்றார் சேகர் அண்ணன்.

மறுநாள் அவர் தன் ஓட்டு வீட்டை இடிக்கிறார். மூன்று மாடி எழுப்பப் போகிறார். அவர் வீடும் எங்கள் வீடும் ஒட்டிப் பிறந்தவை. நடுவில் ஒரே சுவர்.

"உத்திரத்துல கயிறு கட்டி ஒரே இழுப்பு... வேலை தீந்துச்சு சார்" என்றார் மேஸ்திரி.

அந்தக் கயிறு எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம் – இங்கிலாந்து!

சொல்கிறேன். நான் வேலை செய்வது ஒரு டிராயிங் ஆபீஸில். வெளிநாட்டுக் கட்டிடங்களை லேசர் ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்போம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெறும் டிராஃப்ட்ஸ்மேன்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்கு நான் இன்ஜினியர்.

சென்ற மாதம் வந்தது ஓர் ஆங்கிலேயச் சிறு நகரத்தின் பழைய தெரு. ஒட்டி ஒட்டி ஐந்து வீடுகள். கறுத்த ஓக் மரச்சட்டங்கள், நடுவே வெள்ளைப் பூச்சு. மாடி மட்டும் வெளியே துருத்திக்கொண்டு தெருவை எட்டிப் பார்க்கிறது. ஒரு ஜன்னல்கூட நேராக இல்லை. பூச்சு உதிர்ந்த இடத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால்... செங்கல்லே கிடையாது! குச்சிப் பின்னல், அதன்மேல் களிமண். அவ்வளவுதான் சுவர். எடையைத் தாங்குவது முழுக்க மரம். மூட்டுகளில் இரும்பு ஆணி இல்லை, மர முளை. பக்கத்திலேயே உளியால் கீறிய கோடுகள் – எந்தக் கட்டை எதோடு சேரும் என்று தச்சர்கள் போட்ட அடையாளமாம். புதுக் கட்டில் வாங்கினால் பலகைக்குப் பலகை ஸ்டிக்கர் ஒட்டி வருமே, அதேதான்!

எங்கள் ஆபீஸ் வழக்கப்படி டேபிளுக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டோம். ஆளாளுக்குத் தன் வீட்டுக்கு நான்கு பக்கமும் சட்டம் வரைந்தோம். சேர்த்து வைத்தால், தெரு ஸ்கேனைவிட நீளமாகிவிட்டது! வேலை கொடுத்த அம்மையார் அங்கிருந்து மெயில் அனுப்பினார்: நடுவில் இரட்டைச் சட்டம் எங்கிருந்து வந்தது? ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஆறு குறுக்குச் சட்டங்கள்தான் – இரு வீட்டுக்கு நடுவே ஒன்றே ஒன்று. கூரைக் கட்டைகள் ஒரு வீட்டில் தொடங்கி அடுத்த வீட்டில் முடியும்.

அடுத்த வீட்டில் முடியும்... மேஸ்திரி கயிறு என்றதும் இந்த வரிதான் ஞாபகம் வந்தது.

"அண்ணா, எங்க உத்திரம் சுவத்தோட நின்னுடுதா, இல்ல உங்க வீட்டுக்குள்ள வருதா?"

"சும்னே குழப்பாதே பா. உன் கட்டை உன் வீட்ல, என் கட்டை என் வீட்ல." அண்ணனின் குரல் மாறியது. "நான் மாடி கட்டுறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

அம்மா விடுவாரா? "உன் ஃப்ரிட்ஜும் பீரோவும் எங்க ஹால்ல குந்தினு கீதே சேகரு, அது பொறுக்காமத்தானா?"

அப்பா ஆட்டோ ஓட்டிச் சேர்த்ததெல்லாம் எங்கள் வீட்டு ஓடுகளுக்குக் கீழேதான் இருக்கிறது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் ஆட்டோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். "அண்ணா, உங்க பக்கம் ஏறி உத்திரத்து மேல கைய வைங்க. வேற ஒண்ணும் வேணாம்."

டொக்... டொக்...

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் – "ஏய்... உள்ளங்கையில அடிக்குது பா!"

கட்டை சுவரில் நுழையும் இடத்தில் பூச்சைச் சுரண்டினேன். கட்டை அங்கே நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே மரம். யாரோ ஒருவர் சேர்த்துக் கட்டி, பிற்பாடு தனித்தனியாக விற்றிருக்கிறார். பத்திரத்தில் பிரித்தவர்கள், கூரையில் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

கயிறு போட்டு இழுத்திருந்தால்? எங்கள் கூரை வந்து விழுந்திருக்கும் – சேகர் அண்ணனின் ஃப்ரிட்ஜ் மேல்!

மேஸ்திரி மெதுவாகக் கயிற்றைச் சுருட்டினார். "மொதல்ல முட்டு குடுத்துரலாம் சார்."

'எங்க வீடு' என்று எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்! உங்கள் வீட்டு உத்திரம் எங்கே முடிகிறது... எப்போதாவது ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?

கடைசியில் இன்ஜினியர் வந்தார். எங்கள் பக்கம் இரும்பு முட்டுகள் நின்றன. சுவரை ஒட்டி ரம்பம் போட்டு அறுத்தார்கள். எங்கள் பாதி, சுவர்மேல் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அப்பா அன்றைக்குத்தான் மதியச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டார்.

செலவு? "ரெண்டு பேர் கட்டைதானே" என்றார் சேகர் அண்ணன். இன்ஜினியர் ஃபீஸ், முட்டு வாடகை, அறுப்புக் கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து எழுநூறு ரூபாய் – ஆளுக்குப் பாதி.