சந்தையில் ஒரு சைகோன் கடை

எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அதில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம்கூடத் தேறாது. அவர் மலேசியாவில், ஜோகூர் பக்கம் ஒரு மரச்சாமான் கம்பெனியில் வேலை பார்த்தார். எப்போதாவது லீவு கிடைத்து ஒதியம்பட்டுக்கு வருவார். வந்த நாட்களெல்லாம் சொந்தக்காரர் வீடு, கோயில், கல்யாணம், கருமாதி என்று ஓடிவிடும். திரும்பிப் போகப் பெட்டி கட்டும்போதுதான், இவரிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லையே என்று எனக்குத் தோன்றும்.

கொரோனாவில் அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார்.

வந்த புதிதில் வீட்டில் விருந்தாளியைப் போலத்தான் இருந்தார். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது, துண்டு எந்தக் கொடியில் காய்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்பார். எங்கள் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் உள்ளறைக்குப் போய்விடுவாள். நானும் அவரும் அத்தனை வருஷமும் தினம் போனில் பேசியவர்கள்தான். சாப்பிட்டியா, பிள்ளை ஸ்கூலுக்குப் போச்சா, பணம் வந்துச்சா என்பதுதான் அந்தப் பேச்சு. எதிரெதிரே உட்கார்ந்தபோது அதற்குத் தேவையில்லாமல் போனது. வேறு பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை.

அவர் வேலை தேடினார். மேஸ்திரி ஒருவரோடு சித்தாள் வேலைக்குப் போய், இடுப்பு வலியோடு திரும்பினார். கரும்பு வெட்டக் கூப்பிட்டார்கள். அதற்கு உடம்பு வளையவில்லை. பகலில் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி கிடப்பார்.

ஒரு மழைநாளில் மகளுக்குச் சளிக்காய்ச்சல். வாயில் எதுவும் வைக்க முடியவில்லை என்று படுத்திருந்தாள். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்று, கொஞ்ச நேரம் அடுப்பைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. சரி என்று நகர்ந்துகொண்டேன். கோழிக்கடைக்குப் போய் எலும்பாக வாங்கி வந்தார். வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நெருப்பில் சுட்டு, பட்டையும் அன்னாசிப்பூவும் வறுத்து, எலும்போடு போட்டுச் சிறு தீயில் விட்டார். மதியம்வரை கொதித்தது. மசாலா இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. என்ன வாசனை என்று சொல்லத் தெரியாத ஒரு வாசனை வீடு முழுக்க நின்றது. என்னைக் கொஞ்சம் இடியாப்பம் பிழியச் சொல்லி, கிண்ணத்தில் அதை வைத்து, மேலே அந்தச் சாற்றை ஊற்றி, புதினாவும் கொத்தமல்லியும் கிள்ளிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து மகளிடம் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அவரிடம் கேட்டாள்.

ஜோகூரில் தன்னோடு ஒரே அறையில் ஒரு வியட்நாம்காரர் இருந்தார் என்றும், சமையலை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் செய்வார்கள் என்றும், அவரிடம் பழகிக்கொண்டது இது என்றும் அன்றைக்குத்தான் சொன்னார். இன்னும் எவ்வளவோ தெரியுமாம். அந்த வாரமே கடை போடலாமா என்று ஆரம்பித்தார்.

எனக்குத் துளிகூட நம்பிக்கையில்லை. புதுச்சேரி டவுனில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியட்நாமின் சைகோனுக்குப் போய்வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் சாயோ என்கிற பொரித்த சுருளைப் பண்டிகைக்குச் செய்வார்கள். எங்கள் பக்கம் யாருக்குத் தெரியும்? ஆனால் கட்டிலில் கிடந்தவர் எழுந்து நடமாடுவதைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பானிபூரிக்காரரின் தள்ளுவண்டி கிடைத்தது. வில்லியனூர் மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மா, என் தாய்வீட்டு ஊரான நெட்டப்பாக்கத்துக்காரர். கீரைக்கட்டுகளைச் சற்று நகர்த்தி வைத்து, தன் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

முதல் நாள் குண்டான் நிறையச் சூப்பும் கொஞ்சம் சாயோவுமாகப் போனோம். வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இன்னாங்க இது, கஞ்சித் தண்ணி மாரி கீது?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். விளக்கத்தைக் கேட்டவர்கள் பக்கத்துக் கடையில் பஜ்ஜி வாங்கினார்கள். மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து இரண்டு வேளை நாங்களே குடித்தோம். மறுவாரம் வேறொரு பேச்சு கிளம்பியது. வியட்நாம்காரர்கள் நாயைத் தின்பார்களாம், இந்த வண்டியில் என்ன கறியோ என்று. கீரைக்கார அம்மாதான் தயங்கித் தயங்கி என் காதில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. அடுத்த நாளிலிருந்து கோழியை மார்க்கெட்டிலேயே வாங்கி, வண்டியின் மேல் பலகை போட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கத் துண்டு போட்டார்.

அப்படியும் வியாபாரம் நகரவில்லை. நம் ஜனங்களுக்குக் காரம் இல்லாமல் இறங்காது, சூப்பில் மிளகாய்த்தூள் போடுவோம் என்றேன். அவர் முடியாது என்றார். போட்டால் அது வேறு சாப்பாடு, அதற்கு நான் எதற்கு என்றார். நான் விடவில்லை. மார்க்கெட்டிலிருந்து வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே சண்டை போட்டோம். வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக்கூடப் போட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை நாங்கள் சண்டையே போட்டதில்லை. சண்டை வரும் அளவுக்குச் சேர்ந்து இருந்ததில்லை. அன்றைக்குச் சோறு வடிக்கும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

முடிவில் சூப்பைத் தொடுவதில்லை, தொட்டுக்கொள்ளத் தனியாகக் காரம் வைப்பது என்று ஆனது. காய்ந்த மிளகாயும் பூண்டும் வெல்லமும் புளியும் அரைத்து ஒரு சட்னி செய்தேன். சாயோவை அதில் தோய்த்துச் சாப்பிட்ட மூட்டை தூக்குகிறவர் ஒருவர், மறுநாள் நாலு பேரைக் கூட்டிவந்தார். அப்புறம் பூக்கட்டுகிற பெண்கள் வந்தார்கள். மழைக்காலம் பிடித்ததும் சூப்பும் போக ஆரம்பித்தது. தொண்டைக் கட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்லி, தூக்குவாளி கொண்டுவந்து வாங்கிப் போனார்கள். டவுனிலிருந்து பென்ஷன்காரப் பெரியவர் ஒருவர், மகளைப் பார்க்க வந்தவர், வண்டி அருகே நின்று ஒரு சாயோவைச் சாப்பிட்டுவிட்டு, "சைகோன்ல துன்னதுக்கப்பறம் இன்னிக்கித்தான் இப்படி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து எங்களுடையது சைகோன் கடை ஆகிவிட்டது. நாங்கள் பெயர்ப்பலகையே வைக்கவில்லை.

வியாபாரத்தைவிட எனக்கு அந்தக் காலை நேரங்கள்தான் நினைவில் இருக்கின்றன. வெளிச்சம் வந்ததும் அவர் கிணற்றடியில் போட்டிருந்த புதினாவும் திருநீற்றுப்பச்சிலையும் பறித்து வருவார். நான் கேரட்டும் முட்டைகோசும் சீவி வைப்பேன். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து அரிசிமாவில் செய்த மெல்லிய தாளை நனைத்து நனைத்துச் சுருள் உருட்டுவோம். கைக்கு வேலை இருந்ததால் வாய்க்குப் பேச்சு வந்தது. ஜோகூரில் ஒருமுறை டைபாய்டு வந்து மாதக்கணக்கில் கிடந்ததை அப்போதுதான் சொன்னார். அந்த வியட்நாம்காரர்தான் வேலைக்குப் போகுமுன் சூப்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். சொன்னா நீ இன்னா பண்ணுவ, அழுவ என்றார். நானும் சொன்னேன். மகளுக்குப் பின் ஒன்று தங்காமல் கலைந்துபோனதை அவரிடம் போனில் ஒரு வரியாகச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் யாரும் இல்லாமல் கிடந்ததையும், திரும்பி வருகையில் பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்றதையும் சொல்லியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டே உருட்டினார். அன்றைக்கு அவர் உருட்டிய சுருள்கள் எல்லாம் எண்ணெயில் பிரிந்துபோயின.

மகளும் பழகிவிட்டாள். சாயங்காலம் பள்ளி விட்டு மார்க்கெட் வழியாக வந்து, அப்பா, எனக்கு ஒரு சாயோ என்று நிற்பாள்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு காலையில் சுருள் உருட்டும்போது அவருக்குப் போன் வந்தது. பழைய கம்பெனியிலிருந்து. மறுபடி ஆள் எடுக்கிறார்கள், அனுபவம் இருப்பதால் சூப்பர்வைசர் வேலை, தனி அறை, முன்னைவிட நல்ல சம்பளம் என்றார்கள். ஈரக்கையோடு பேசி முடித்துவிட்டு, போனைப் பாயில் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். அடுத்த தாளை எடுத்து நனைத்தார்.

அன்று மத்தியானமே மகள் மூலம் என் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தார். மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள், தள்ளுவண்டியை நம்பிப் படிக்க வைக்க முடியுமா, வயசு இருக்கும்போதே நாலு காசு சேர்க்க வேண்டாமா என்று கேட்டார். அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை. அண்ணன் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ இன்னா சொல்ற?"

போகாதீங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சூப்பர்வைசர் என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருந்ததாக எனக்குப் பட்டது. அத்தனை வருஷம் மரத்தூளில் நின்ற மனிதருக்கு இப்போதுதான் ஒரு மரியாதை வருகிறது, நான் குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைத்தேன்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். எழுந்து வண்டியைத் துடைக்கப் போனார்.

போவதற்கு முந்தைய வாரங்களில் சூப்புக்கு எலும்பு எவ்வளவு, எப்போது நுரையை எடுப்பது, எப்போது உப்பு என்று எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார். நான் சரியாகச் செய்தேன். நானாகவே செய்து கொடுத்தபோது நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கீரைக்கார அம்மா மட்டும், "இன்னாடி, வூட்டுக்காரர அனுப்பிட்டு வண்டியப் பிடிச்சிகினு நிக்கப்போறியா?" என்று நேராகக் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

அவர் போன பிறகும் கடையைத் தொடர்ந்தேன். ருசி மாறவில்லை என்றுதான் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அது இரண்டு பேர் வேலை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தால் சூப்பு கேட்டவர் காத்து நிற்பார். சூப்பை ஊற்றப் போனால் சட்டியில் கருகும். உதவிக்கு ஒரு பெண்ணை வைத்தேன். கம்பெனி வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். வண்டியை ஒருத்தியாகப் பாலத்தில் ஏற்ற முடியாமல், போகிறவர் யாராவது கை கொடுப்பார்களா என்று நின்றுகொண்டிருப்பேன். காலையில் தரையில் உட்கார்ந்து தனியாக உருட்டுவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த கோடையில் வண்டியை விற்றுவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் முதல் லீவில் வந்தபோது மகளை நர்சிங் கல்லூரியில் சேர்த்திருந்தோம். நாங்கள் இருவரும் ஒருநாள் காய்கறி வாங்க வில்லியனூர் போனோம். எங்கள் வண்டி நின்ற இடத்தில் ஒருவர் செல்போன் கவர்களைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். கீரைக்கார அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் எழுந்து, எப்பப்பா திரும்ப வண்டி போடப்போற என்று கேட்டார். அவர் ஒரு கட்டுக் கீரை வாங்கினார்.

திரும்பும்போது வழியில் சொன்னார்.

"அன்னிக்கி நீ போவாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு பாத்தேன்."

நீங்கள் ஆசைப்படுகிறீர்கள் என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றேன். ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை, நீயும் உங்க அண்ணனும் பேசி வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். வாய்க்கால் பாலத்தை நிற்காமலே தாண்டினோம். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மற்ற நாட்களில் அவர் பழையபடி விருந்தாளி ஆகிவிட்டார். நான் அவர் தட்டில் சோறு போட்டேன், அவர் போதும் என்று கையைக் காட்டினார். லீவு முடிந்து கிளம்பினார்.

எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போனில் பேசிப் பேசி, சம்பந்தமில்லாதவர்களைப் போல நாசூக்காக நடந்துகொள்ளப் பழகிவிட்டோம். இன்னொருவர் மனதில் இருப்பதை நாமாகவே ஊகித்து, அதற்குத் தக்கபடி நடந்துகொள்வதுதான் அன்பு என்று இருந்துவிட்டோம். கடை வைத்திருந்த காலத்தில் அந்தப் பழக்கம் கொஞ்சம் விட்டிருந்தது. இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருந்தால் முழுதாகவே விட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது மகள் படிப்பை முடித்து, கடலூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகிறாள். இனி என் சம்பளமே எங்கள் இருவருக்கும் போதும். போன மாதம் அவரிடம், போதும், வந்துடுங்க என்று போனில் வாய்விட்டே சொன்னேன். சுற்றிவளைக்காமல், உங்க இஷ்டம் என்று முடிக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் காண்டிராக்ட் முடியட்டும் என்றார். பிறகு, இங்கேயே பழகிப்போச்சு, அங்கே வந்து இன்னா செய்யறது என்றார்.

வண்டி போடலாம் என்றேன்.

இடுப்பு ஒத்துக்காது என்றார். பாக்கலாம் என்றார். சாப்பிட்டியா என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன்.