தட்டத்தில் தங்கிவிட்ட பதினேழு திகதிகள்

எங்கள் துறைமுகக் கரையை நான் பதினேழு நாட்களில் வரைந்து முடித்தேன். ஒவ்வொரு நாளும் பேனையை நிறுத்திய இடத்தில் அன்றைய திகதியை எறும்பளவில் போட்டுவைப்பேன்; எங்கே நின்று வரைந்தேன் என்பதை நாட்குறிப்பிலும் எழுதுவேன். திகதி போடாமல் என்னால் எதையும் விட முடியாது. குசினியில் இருக்கும் தேயிலைப் பேணியிலும் போட்டிருக்கிறேன். முடிந்த சித்திரத்தை இணையத்தில் ஏற்றினேன்.

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், உல்லாசப் பயணிகளுக்குப் பொருள் விற்கும் கடையில் அதே சித்திரத்தை ஒரு பிளாஸ்டிக் தட்டத்தில் கண்டேன். பின்புறத்தில் சீனத் தயாரிப்பு என்றும், இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருந்தன. மூலையில் இருந்த என் பெயரை அழித்திருந்தார்கள். பதினேழு திகதிகளையும் அலங்காரம் என்று நினைத்தார்களோ என்னவோ, அப்படியே விட்டிருந்தார்கள். தட்டத்தை வாங்கினேன்; பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கினேன்.

அச்சிட்டது சீனாவில் என்பதால் அந்த நாட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இலாபத்துக்காக அனுமதியில்லாமல் சித்திரத்தைப் படியெடுத்து, சம்பாதித்ததும் பெருந்தொகையாக இருந்தால் அது குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை, மிகப் பெருந்தொகையானால் பத்து ஆண்டு வரை. சிவில் வழக்கில், நட்டத்தைக் கணக்கிட முடியாதபோது நீதிமன்றம் ஐந்நூறு யுவானிலிருந்து ஐம்பது இலட்சம் யுவான் வரை இழப்பீடாகத் தீர்ப்பளிக்கலாம். வேண்டுமென்றே மோசமாகச் செய்திருந்தால் நட்டத்தின் ஐந்து மடங்கு வரை கேட்கலாம்.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

“பத்து வருசம் மறியலோ? ஒரு தேத்தண்ணித் தட்டத்துக்கோ?” என்றாள்.

“ஒண்டில்லையப்பா, எத்தினை ஆயிரம் அடிச்சாங்களோ.”

“சரி, நீங்கள் மறியலுக்கு அனுப்புறதுக்கு முதல் மரக்கறி வாங்கிக்கொண்டு வாங்கோ.”

தட்டத்தை இறக்குமதி செய்தவருக்கு எழுதினேன். இரண்டு வாரத்தில், ஒரு தாளோடு வீட்டுக்கே வந்து கதிரையில் அமர்ந்தார். சித்திரம் தட்டத்தை அச்சிட்ட சீனத் தொழிற்சாலையின் ஓவியர் வரைந்தது, எனக்கு அதில் உரிமையில்லை என்று அந்தத் தாளில் இருந்தது. கையெழுத்திட்டால் ஒரு தொகை தருவதாகவும் இருந்தது.

“ஐயா, சீனாவில வழக்குப் பேச உங்களுக்கு ஏலாது. இதை வாங்கிக்கொண்டு விடுங்கோ.”

“ஏலும் தம்பி. எங்கட நாடும் அவையும் ஒரே காப்புரிமை உடன்படிக்கையில நிக்கிற ஆக்கள். என்ர சித்திரத்துக்கு அங்கயும் பாதுகாப்பு இருக்குது.”

“எங்கட ஓவியர்தான் கீறினவர் எண்டு அவை சொன்னா?”

“நல்லது. அஞ்சாவது திகதி போட்ட அண்டைக்கு அவர் எங்க நிண்டு கீறினவர் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

நாட்குறிப்பை விரித்து அவர் முன் வைத்தேன். ஐந்தாவது நாள்: மழை, மீன் சந்தைக் கூரையின் கீழ், நாலு மணி வரை. அவர் வாசித்தார்.

அப்போது மனைவி தேநீர் கொண்டுவந்தாள், அதே தட்டத்தில். கடையில் வாங்கிய அன்றிலிருந்து நான் அலுமாரியில் பூட்டி வைத்திருந்த சான்றுப்பொருள்!

“குடியுங்கோ தம்பி,” என்றாள். “உங்கட ஓவியர் நல்லாத்தான் கீறியிருக்கிறார். இவரின்ர கையெழுத்து மாதிரியே திகதியும் போட்டிருக்கிறார்.”

அவர் குவளையை எடுத்தார். அது இருந்த இடத்தில், தட்டத்தில் என் பன்னிரண்டாம் நாளின் திகதி தெரிந்தது.

“தொகையைக் கூட்டச் சொல்லட்டோ, ஐயா?”

“கூட்ட வேண்டாம். சட்டத்தில வேறொரு பரிகாரமும் இருக்குது: மன்னிப்புக் கேக்கிறது. என்ர பேரைத் திருப்பிப் போட்டு, அழிச்சதுக்கு எழுத்தில மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.”

“அவை கேக்கமாட்டினம்.”

“அப்ப நான் வழக்குப் பேசுவன். அறிஞ்ச நாளிலிருந்து மூண்டு வருசம் இருக்குது. அறிஞ்ச நாள் எதெண்டு எனக்கு வடிவாத் தெரியும்.”

கையெழுத்திடாத தாளை மடித்து அவரிடமே கொடுத்தேன். மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். கீழே என் பெயரைப் பெரிதாக எழுதி, திகதியும் போட்டேன். இம்முறை எறும்பளவில் அல்ல.