சிவப்பு கிட்டாருக்கு ஒயர் கிடையாது

போன மாதம் வேங்கிக்காலில் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புதிதாக முளைத்திருக்கும் ஏ.சி. மண்டபம். மேடையில் பாட்டுக் கச்சேரி இல்லை. ஒரு பையன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்குத்தானே ஆடிக்கொண்டிருந்தான். அவன் பெட்டியிலிருந்து வந்த இடியில் என் நாற்காலி நகர்ந்தது. பக்கத்தில் என் தங்கை மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிட்டார். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. இதுல பிக்கப்ப அப்படியே தள்ளிக்கலாம், முன்னாடி பின்னாடி நகரும். செம டோனு. ஆனா பாக்கக் கேவலமா இருக்குல்ல? லுக்கா டோனான்னு ஒரே கொழப்பம்."

நான் ஒரு காலத்தில் ஏதோ ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தேன் என்று அவனுக்குத் தெரியும். என்ன செய்தேன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. படத்தைப் பார்த்தேன். கிட்டாரின் வயிற்றில் நீளமாக ஒரு பிளவு, அதன் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பி, கம்பிமேல் பிக்கப். படத்துக்குக் கீழே கமெண்ட்டுகளில், உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாடைப் பலகை என்கிறான், இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு கேள் என்கிறான். எனக்கு உடனே தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது. அந்தக் கம்பிகளுக்கு வாரம் ஒருமுறை அந்த எண்ணெய் விட்டால்தான் பிக்கப் சத்தம் போடாமல் நகரும். அந்தக் கேவலத்தோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியவன் நான்.

பேஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டின் அடியில் 'தும் தும்' என்று போகுமே, காதுக்கு முன்னால் வயிற்றுக்குக் கேட்கும் சத்தம், அதுதான் பேஸ். நாலு தடித்த கம்பி. அதற்கு அடியில் சோப்புக்கட்டி மாதிரி கறுப்பாக உட்கார்ந்திருப்பது பிக்கப். உள்ளே காந்தமும் செம்புச் சுருளும் இருக்கும். கம்பி அதிர்வதைப் பிடித்து ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதன் வேலை. மற்ற கிட்டார்களில் அதைத் திருகாணி போட்டு ஓரிடத்தில் முடக்கியிருப்பார்கள். என்னுடையதில் நகரும். கழுத்துப் பக்கம் தள்ளினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து உருண்டு வரும். வால் பக்கம் இழுத்தால் கறாராக, மூக்கால் பேசும், என்னைப் போலவே.

அது எனக்குக் கிடைத்த கதை தனி. மலை சுற்றும் ரோட்டில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் கையால் செய்தது. நான் அப்போது வீட்டு ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் வீட்டு ஃபேனைப் பார்க்கப் போனேன். எங்கள் ஊருக்குத் துறவு தேடி வருகிறவர்களால் உள்ளூர்க்காரர்களுக்கு ஓர் ஆதாயம் உண்டு. சைக்கிளைத் துறப்பார்கள், கம்பளியைத் துறப்பார்கள், டேப் ரெக்கார்டரைத் துறப்பார்கள். இவர் கிட்டாரைத் துறந்தார். அதோடு நாலு மாதம் சொல்லியும் கொடுத்தார். அடுத்த வருஷம் துறவையும் துறந்துவிட்டு வந்து, கிட்டார் எங்கே என்றார். வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அது இருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அதை அரிசிச் சாக்கில் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

இப்போது என் முகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்களிடம் மறைப்பானேன்? பிறக்கும்போதே எனக்கு மேலுதடு பிளந்திருந்தது. சின்ன வயதில் தைத்தார்கள். பெரியவனானதும் மறைக்கலாமே என்று மீசை வளர்த்தேன். தழும்பில் மட்டும் முடி முளைக்காமல் மீசைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. மீசையில்லாமலிருந்தால் ஒருவேளை பார்க்காமல் விட்டிருப்பார்கள். மீசை வைத்த பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

எங்கள் குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்போம். கீபோர்டு வாசிப்பார். காது தங்கம், நாக்கு தேள். எட்டுப் பேர் வாசிக்கும்போது யாருடைய கம்பி ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று திரும்பாமலே சொல்வார். எனக்கு அவர் வைத்த பெயர் மூளி. என் கிட்டாருக்கும் அதே பெயர்தான். வேன் கிளம்பும்போது, "ரெண்டு மூளியும் ஏறிச்சா? எடு வண்டிய" என்பார். வேன் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்தில் ஊருக்குள் வேன் நகராது என்பதால் அன்றைக்கு வெளியூர்க் கல்யாணம் என்றால் முதல்நாளே போய்விடுவோம். அப்படிப் போன ஒரு கல்யாணத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான் மேடையில் முன்வரிசையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் பெரியம்மா விறுவிறுவென்று மேடையேறி வந்தார்.

"நல்ல காரியத்துல ஒடஞ்ச சாமானக் கொண்டாந்து நடுவுல நிக்க வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு அறிவு இருக்குதா?"

அது உடைந்ததல்ல, அதன் அமைப்பே அப்படித்தான் என்று மாஸ்டர் சொல்லப் பார்த்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆளும் அப்படியேதான் கீறான்" என்றார். பக்கத்தில் மைக் ஆன் ஆகி இருந்தது. பந்தியில் இருந்தவர்கள்கூட இலையைவிட்டுத் தலையைத் தூக்கிச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். அவன் பல்வரிசை நன்றாக இருந்தது என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாஸ்டர் எங்கிருந்தோ ஒரு சிவப்பு கிட்டார் கொண்டுவந்தார். பளபளவென்று, முகம் பார்த்துத் தலை சீவலாம். வாசித்தால் தகரம். இரண்டு பாட்டு கேட்டவர், "பாக்க மகாலட்சுமி, வாயத் தொறந்தா காக்கா" என்று நிறுத்தினார். பிறகு ஒரு யோசனை செய்தார். ரமேஷ் என்று ஒரு பையன் குழுவில் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருள்முடி, நல்ல சிவப்பு, கன்னத்தில் குழி. சரிகமவில் பாதி தெரியாது. சிவப்பு கிட்டாரை அவன் தோளில் மாட்டி முன்னால் நிறுத்தினார். அதற்கு ஒயர் கிடையாது. ஒயர் எனக்கு. நான் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால், திரைத்துணிக்கு அந்தப் பக்கம், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பேன். அவன் முன்னால் நின்று தலையை ஆட்டி விரலை அசைப்பான்.

"கண்ணுக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணு. எப்டி?" என்றார் மாஸ்டர். அந்த ஏற்பாட்டில் அவருக்கு அவ்வளவு பெருமை. கல்யாண வீட்டார் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் கை குலுக்கியது ரமேஷிடம். வீடியோக்காரர் லைட் அடித்தது ரமேஷுக்கு. ஜில்லா முழுக்க எத்தனையோ கல்யாண கேசட்டுகளில் என் சத்தம் இருக்கிறது. ஒன்றிலும் நான் இல்லை.

எனக்கும் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண், பெயர் மல்லிகா. போட்டோவில் பார்த்த அன்றிலிருந்து எனக்கு ராத்தூக்கம் போயிற்று. தரகர் கெட்டிக்காரர். என் போட்டோவைக் கொடுக்காமல், "மாப்பிள்ள கிட்டார் வாசிக்கிறாரு, உங்க ஊர்க் கல்யாணத்துக்கே வர்றாரு, மேடையிலயே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நான் மாஸ்டரிடம் போய் நின்றேன்.

"மாஸ்டர், இன்னைக்கி ஒரு நாளு மட்டும் முன்னாடி நிக்கிறேன். பொண்ணு வூட்ல வர்றாங்க."

"இந்த மூளியத் தூக்கிக்கினா? போன தபா வாங்கினது பத்தாதா?"

"அப்ப ரமேஷ நிறுத்தாதீங்க."

"டேய், உன்ன ஒருத்தி பாக்கறதுக்கு என் தொழில மூடணுமா?" என்றார்.

புதுச்சட்டை போட்டுக்கொண்டு பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எப்படியும் விசாரித்துக்கொண்டு பின்பக்கம் வருவார்கள் என்று நினைத்தேன். பிக்கப்பைக் கழுத்தோரம் தள்ளிவைத்து அன்றைக்கு வாசித்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் வாசித்ததில்லை. மண்டபத்துத் தரை அதிர்ந்தது. பின்பக்கம் ஒருவரும் வரவில்லை, டீ கொடுக்கிறவர்கூட வரவில்லை. மறுநாள் தரகர் வந்தார். "பொண்ணுக்குப் புடிச்சிப் போச்சாம்!" என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வேனிலிருந்து சாக்கோடு இறங்கும்போது பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தும் பிடித்திருக்கிறது, எல்லாம் அந்தச் சத்தத்தால் வந்தது என்று நினைத்தேன். அந்த முட்டாள் மாதிரி சந்தோஷமாக இருந்தவனை நான் பிறகு பார்த்ததே இல்லை.

அம்மாவோடு பூ, பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். மல்லிகா காபித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தாள். தட்டை அப்படியே தன் அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "அன்னைக்கி மேடையில இருந்தவரு இவரு இல்லம்மா."

அவள் அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். "அப்ப நீங்க யாருங்க?"

"அங்க நின்னது வேற பையன். வாசிச்சது நானுங்க. அந்தச் சத்தம் என்னுது."

"கட்டிக் குடுக்கறது ஆளுக்குதானே தம்பி? சத்தத்துக்கு இல்லியே" என்றார்.

காபியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம், குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை என்று அம்மா கண் காட்டினாள். அந்த மனிதர் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். நல்ல மாதிரி என்று நினைத்தேன். பஸ் வருகிற நேரத்தில் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையன் என்னா ஆளுங்க?"

அம்மாதான் சொன்னாள். "அவங்களும் நம்ம ஆளுங்கதாங்க." என் அம்மாவுக்குப் பொய் சொல்லவே வராது. அன்றைக்காவது முயற்சி செய்து பார்த்திருக்கலாம்.

ரமேஷ் - மல்லிகா கல்யாணத்துக்கு எங்கள் குழுதான் வாசித்தது. ரமேஷ் மாப்பிள்ளையாகிவிட்டதால் முன்னால் இடம் காலி. இன்றைக்காவது கூப்பிடுவார் என்று இருந்தேன், வெட்கம் கெட்டவன். மாஸ்டர் சிவப்பு கிட்டாரை ஒரு ஸ்டாண்டில் சாத்தி, அதைச் சுற்றி சீரியல் பல்பு போட்டு நடுவில் நிறுத்தினார். எனக்குப் பதில் நிற்க ஆள்கூடத் தேவைப்படவில்லை. நான் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பிக்கப்பைக் கடைசி வரை வால் பக்கம் இழுத்தேன். ஒரு பாட்டு முழுக்கத் தகரமாக வாசித்தேன். யாரும் திரும்பவில்லை. அடுத்த பாட்டில் ஒயரையே பிடுங்கிவிட்டு வெறுங்கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் பாட்டுக்கு ஐஸ்கிரீம் தின்றது. திரைத்துணியை விலக்கி எட்டிப் பார்த்தவர் மாஸ்டர் ஒருவர்தான். "டேய், சோறு எறங்கலடா. சொருகு" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. சொருகினேன். அந்தக் கச்சேரியோடு நின்றுவிட்டேன்.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆயிற்று, பயப்படாதீர்கள். மாஸ்டர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. குழு கலைந்துவிட்டது. கிட்டார் பரண்மேல் அதே சாக்கில் கிடக்கிறது. எண்ணெய் விட்டும் பிக்கப் நகர மறுக்கிறது.

ரிசப்ஷனுக்குத் திரும்புகிறேன். தட்டை ஏந்திக்கொண்டு நின்றே சாப்பிடும் சாப்பாடு. எதிரே ரமேஷும் மல்லிகாவும் வந்தார்கள். அவனுக்குத் தலை வழித்துவிட்டாற்போல் வழுக்கை, சுருள் ஒன்றுகூட மிச்சமில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவன் என்று ரமேஷைக் காட்டினேன். மருமகன், தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் வாசிக்கிறவன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டான். மல்லிகா முகம் மலர்ந்தது.

"இவரும் பேஸ்தாம்பா! எங்க ஊர்க் கல்யாணத்துல வாசிச்சாரு பாரு, நெஞ்சுல வந்து இடிச்சிது. மூஞ்சிய யாரு பாத்தா? நான் அந்தச் சத்தத்துக்குத்தான் இவரக் கட்டிக்கினேன்."

அவள் அன்றைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் சொன்னதைக் கேட்டவள். மறந்துவிட்டாளா, அல்லது சொல்லிச்சொல்லி நம்பிவிட்டாளா, தெரியவில்லை. ரமேஷ் தட்டில் இருந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், நீங்க சொல்லுங்க, உங்க அனுபவத்துல லுக்கா, டோனா?" என்றான் மருமகன்.

ரமேஷ் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "டோன்தாம்பா முக்கியம். லுக்குல இன்னா கெடக்குது" என்றான்.

அன்றைக்கு அவன் பெண்ணை மட்டும்தான் கொண்டுபோனான் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். சத்தமாவது என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் போயிற்று, அது என் சத்தம்தான் என்று சாட்சி சொல்ல மாஸ்டரும் இல்லை.

பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போது மருமகன் கேட்டான். "அந்த அங்கிள்தான் உங்க ஆர்க்கெஸ்ட்ராவுல பேஸா? சூப்பர் மாமா. அப்ப நீங்க என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"நானா? ஒயரு சொருகுவேன்" என்றேன்.