அண்ணனின் கட்டங்களும் என் குறிப்புகளும்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அண்ணனும் மதினியும் சேர்ந்து நிற்கும் கல்யாணப் படம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நீங்கள் என்னிடம் வந்திருக்கிறீர்கள். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்றைய ஜெபத்துக்கு வரும் உறவினர்களுக்கும் துறைமுகத்து நண்பர்களுக்கும் சபையாருக்கும் கொடுக்க, அவரது வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரும்படி மதினிதான் என்னைக் கேட்டார். "எனக்கு எழுத வராது டீச்சர், நீங்கதான் எழுதணும்" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணனைப் பற்றி எழுத எனக்குக் கசக்குமா? மதினியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறதே, அதுதான் கஷ்டம்.

அண்ணன் நாசரேத்தில் பிறந்தார். அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். நான் நடக்கப் பழகும் வயதிலேயே அம்மா காலமானார். அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்பாவும் போய்விட்டார். மேலே படிக்க இடம் கிடைத்திருந்தும் அண்ணன் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து, திரேஸ்புரம் போகிற ரோட்டில் ஒரு சின்ன வீடு பிடித்து, துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலையில் சேர்ந்தார். கப்பலில் ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் எண்ணிக் குறிக்கிற வேலை. காலையில் சோறு வடித்து, என் தலையைக் கோணல் மாணலாகப் பின்னிவிட்டு, பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேரும் வரை தன் கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை. எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார், ஒன்றும் தகையவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வீட்டில் அண்ணன் இருந்தார், நான் இருந்தேன், வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் போய்வரும். அண்ணன் லாஞ்சில் ஏறிக் கப்பலுக்குப் போய் நாள் முழுக்க அங்கேயே நிற்பார். திரும்பும்போது, கப்பல் அதிகாரிகள் படித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பர்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். அவற்றில் வரும் குறுக்கெழுத்துக் கட்டங்கள்தான் அவருக்குப் பித்துப் பிடிக்க வைத்தன. சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, அகராதியை நடுவில் வைத்து, நாங்கள் இருவரும் மண்டையை உடைத்துக்கொள்வோம். தமிழில் நாமே ஒன்று போட்டால் என்ன என்று முதலில் கேட்டது நான்தான். இதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

தமிழில் கட்டம் போடுவது லேசான காரியம் இல்லை. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் கொடுக்க வேண்டும். புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. எனவே ஒரு சொல்லின் முதல் எழுத்து விழ வேண்டிய இடத்தில் புள்ளி விழுந்துவிட்டால் அந்த மூலையே பாழ். அண்ணன் மூட்டைகளைப் பார்க்கிற அதே கண்ணோடு கட்டங்களைப் பார்ப்பார், ஒன்றுகூடத் தவறாது. சொற்களை அடுக்குவது அவர் பாடு, குறிப்பு எழுதுவது என் பாடு. 'கடலிலும் கிடைக்கும், அம்மை கண்டவர் உடம்பிலும் இருக்கும்' என்று முத்துக்கு எழுதினேன். 'குளித்து எடுப்பது கடலில், ஊதுவது ஆலையில்' என்று சங்குக்கு எழுதினேன். அண்ணன் வாசித்துவிட்டு, "ஏளா, நீ கெட்டிக்காரிளா" என்றார். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் பாராட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஊரில் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மாதப் பத்திரிகையும் நடத்தினார். எங்கள் குறுக்கெழுத்தைப் பார்த்துவிட்டு மாதம் ஒன்று கேட்டார். மற்ற பத்திரிகைகளில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் போடுவார்கள். சொல் நேராகப் பொருந்தாவிட்டால் தலைகீழாகத் திருப்பி நுழைத்துவிடுவார்கள். எனக்கும் அண்ணனுக்கும் அது பிடிக்காது. சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவது மாதிரி என்பேன். எங்கள் கட்டங்களில் ஒரு சொல்கூடத் திரும்பி நடந்ததில்லை. அப்படியே சில வருடங்கள் ஓடின.

புதுத் துறைமுகம் திறந்த வருடம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. கப்பல்கள் தளத்துக்கே வந்து நின்றன. லாஞ்ச் போய், அண்ணன் முத்தையாபுரம் பக்கம் போகிற பஸ்ஸில் வேலைக்குப் போனார். சாத்தான்குளத்திலிருந்து மதினி வந்தார். நல்ல குணம், நல்ல கைப்பக்குவம், சபையில் நல்ல பெயர். குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு அதுவே பெரிய குறையாக இருந்தது. முதல் சில மாதங்கள் நாங்கள் கட்டம் போடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். இந்தம்மாவுக்கு இதில் என்ன தெரியப்போகிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த வருடப் பரீட்சை விடைத்தாள் திருத்தப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மேசையில் புதுப் பத்திரிகை கிடந்தது. குறுக்கெழுத்துப் பக்கத்தைத் திறந்தேன். குறிப்புகளுக்குக் கீழே தனித் தலைப்பாக 'வலமிருந்து இடம்' என்று இருந்தது. இது அண்ணன் கை இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அண்ணனிடம் போய், இது யார் வேலை என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். மேலிருந்து கீழாகக் கப்பல் இறங்கி, கடைசிக் கட்டத்தில் 'ல்' நின்றுவிட்டது. அதற்கு வலது பக்கம் இன்னும் இரண்டு கட்டம் காலி. 'ல்'லில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது? அண்ணன் கப்பலையே அழிக்கப் போனாராம். கல் பொறுக்கிக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்து பார்த்து, வலது பக்கத்திலிருந்து வாசித்தால் கடல் வருமே என்றாராம்.

"நம்ம வழக்கம் என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"பொருந்திட்டே. கப்பலு கடல்லதானளா வந்து நிக்கணும்" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததனால்தான் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போதாததற்கு அண்ணாச்சி வீடு தேடி வந்து, இந்த மாதக் கட்டத்தைப் போல இதுவரை எதுவும் அமைந்ததில்லை என்று சொல்லி, மதினி கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் எனக்குப் பள்ளியில் வேலை அதிகம், குறிப்பு எழுத நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணனே எழுதினார். கடலுக்கு 'நீர் நிறைந்தது' என்று எழுதுகிற ஆள் அவர். பத்திரிகை வாசிக்கிறவர்கள் அண்ணாச்சியிடம் முணுமுணுத்திருக்கிறார்கள். அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்று, "ஏளா, நீ எழுதாட்டா இது வெறும் பெட்டிளா" என்றார். நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று பேருமாகத்தான் போட்டோம். மதினி சொல் எடுத்துக் கொடுப்பார், அண்ணன் அடுக்குவார், நான் குறிப்பு எழுதுவேன். அதுவரை பத்திரிகையில் 'கட்டம் அமைத்தவர்' என்று அண்ணன் பெயர் மட்டும் வந்துகொண்டிருந்தது. அண்ணன் நியாயமான மனிதர். இனி 'குடும்பத்தார்' என்று போடுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். அண்ணன் பெயர் தனியாக இருந்தவரை அதற்குப் பின்னால் நான் இருந்தேன். குடும்பத்தார் என்றதும் அதில் மதினியும் வந்துவிட்டார்.

நெருக்கடி நிலைக் காலத்தில் அண்ணாச்சி மிகவும் பயந்துபோனார். 'சிறை' என்று விடை வந்த ஒரு கட்டத்தை மாற்றித் தரச் சொன்னார். அதற்கு நான் எழுதியிருந்தது, 'பறவைக்கு வாய்த்தால் பறக்கும், மனிதருக்கு வாய்த்தால் முடங்குவார்' என்ற குறிப்பு; சிறகுக்கும் சிறை என்று பெயர் உண்டு அல்லவா. நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று இப்போதும் சொல்வேன். மதினி அடுப்படியிலிருந்தபடியே, சிறையைப் பிறை ஆக்குங்கள், அதிலிருந்து கீழே இறங்குகிற சிப்பியைப் பிட்டு ஆக்குங்கள், சரியாய்ப் போகும் என்றார். சரியாகத்தான் போயிற்று. என் குறிப்பு குப்பைக்குப் போயிற்று.

போன வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அண்ணன் வேலைத் தளத்தில் மயங்கி விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பினார், ஆனால் வலது கையும் பேச்சும் போயின. பேச்சு முழுவதும் போகவில்லை. ஒன்றைக் கேட்க நினைத்தால் வேறொரு சொல் வாயில் வரும். அது அவருக்குத் தெரியும். தெரிந்து, கண் கலங்கும். ஒருநாள் "துடுப்பு, துடுப்பு" என்றார். லாஞ்சில் போன காலத்தை நினைக்கிறார் என்று எண்ணி, பழைய போட்டோவை எடுத்துக் காட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார். மதினி வந்து ஒரு கரண்டியை அவர் இடது கையில் கொடுத்தார். கஞ்சியைத் தானே குடிக்க வேண்டும் என்றிருக்கிறார். இன்னொரு நாள் "சனிக்கிழமை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று புதன் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மதினி, தாடி அரிக்கிறது போல, சவரக்காரரை வரச்சொல்ல வேண்டும் என்றார். சவரக்காரர் வருவது சனிக்கிழமைதோறும்.

ஊருக்கெல்லாம் குறிப்பு எழுதியவள் நான். அண்ணன் கொடுத்த குறிப்புக்கு ஒரு விடைகூட எனக்குக் கிடைக்கவில்லை. பள்ளி விட்டதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவேன், இன்றைக்காவது நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று. கல்யாணத்தன்றுகூட மதினி மேல் நான் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. ஒரே ஒரு தடவை ஜெயித்தேன். அண்ணன் கட்டம் போட்ட போர்வையில் இடது கை விரலை வைத்து, "புள்ளி, புள்ளி" என்றார். மதினி சுவரில் பல்லியைத் தேடினார். நான் கட்டிலில் உட்கார்ந்து, "முதக் கட்டத்துலயாண்ணே புள்ளி விழுந்துட்டு?" என்று கேட்டேன். அண்ணன் முகம் அப்படியே மலர்ந்தது. வீட்டுக்கு வந்துபோன உறவினர்கள் எல்லாரிடமும் இதைச் சொன்னேன், சிலர் இரண்டு முறையும் கேட்டிருப்பீர்கள்.

எத்தனையோ பேருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இரவு பகல் பாராமல் பார்த்த டாக்டருக்கும் நர்ஸ்மார்களுக்கும், தளத்திலிருந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய துறைமுகத் தொழிலாளர்களுக்கும், வாரம் தவறாமல் வந்து ஜெபித்த போதகருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் மீன்குழம்பும் சோறும் கொண்டுவந்த திரேஸ்புரத்து அக்காமார்களுக்கும், இந்த மலரை அச்சிட்டுக் கொடுத்த அண்ணாச்சிக்கும் மனமார்ந்த நன்றி. மதினிக்கும் நன்றி சொல்ல வேண்டும். அண்ணனுக்கு ஒரு நாள்கூட உடம்பில் புண் வராமல் பார்த்துக்கொண்டார், அவர் சொல்லாததையெல்லாம் புரிந்துகொண்டார். நான் மனதாரச் சொல்லும் நன்றிதான். ஆனால் ஒன்றை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் மதினி, இந்தப் பக்கம் நான். மத்தியானம் அண்ணன் கண்ணைத் திறந்து, மேலே பார்த்தபடி, "ஏளா" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயில் சரியாக வந்த சொல் அது. நம் ஊரில் தங்கையையும் ஏளா என்பார்கள், கட்டியவளையும் ஏளா என்பார்கள். அண்ணன் எங்கள் இருவரையும் அப்படித்தான் கூப்பிடுவார். "என்னண்ணே" என்று நானும் "என்னங்க" என்று மதினியும் ஒரே நேரத்தில் கேட்டோம். அண்ணன் கண் என்னிடம் வந்தது, மதினியிடம் போனது, மறுபடி மேலே போனது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சாயங்காலம் போய்விட்டார்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் மதினியிடம் வாசிக்கக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்தார். கப்பல் வந்த இடத்தில் சிரித்தார். கடைசியில், "அவிய கூப்பிட்டது என்னையத்தான் டீச்சர்" என்றார். இல்லை, என்னைத்தான் என்றேன். அண்ணன் கூப்பிட்ட நேரத்தில் எங்களில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், சொல்ல வந்ததை அவர் மற்றவளிடமாவது சொல்லியிருப்பார். அந்த ஒருத்தியாக நான் இருந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கை